பல்லைப் பிடுங்கியும் போகாத தாடை வலி

கேள்வி முள்ளியவளையிலிருந்து வந்திருக்கிறது. அறுபதை நெருங்கும் தாயாருக்கு வலது கீழ்த்தாடையில் சுரீரென்று ஒரு வலி. முகம் கழுவினால் வருகிறது, சோறு மென்றால் வருகிறது, சில நாளில் பேச வாயெடுத்தாலே வருகிறது. அந்தப் பக்கக் கொடுப்புப் பற்கள் இரண்டைப் பிடுங்கியாயிற்று, வலி போகவில்லை. காதுக்குள்ளும் குத்துகிறது என்று காட்டியதில், காதில் குறையொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா நெடுங்காலமாக வெற்றிலை போடுபவர். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் வலது கன்னத்துக்குள் இருக்கிறது. பல் பிடுங்கிய பிறகு வாயும் முன்புபோலத் திறப்பதில்லை. துண்டு நரம்பை அறுக்கிறதா, வெற்றிலையால் வந்ததா, நரம்புத் தளர்ச்சியா, அயலவர்கள் பயமுறுத்துவதுபோல இப்படியே விட்டால் முகம் கோணிவிடுமா, இன்னொரு பல்லையும் எடுக்க வேண்டுமா என்று மகன் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எடுக்க வேண்டாம். எக்ஸ்ரேயிலும், பல்லைத் தட்டியும் குளிர் வைத்தும் பார்க்கும் சோதனையிலும் அந்தப் பல்லில் நோய் உண்டென்று தெளிவாகத் தெரிந்தாலன்றி மூன்றாவது பல்லில் கை வைக்க விடாதீர்கள். நான் வன்னியில் பல் வைத்தியம் பார்த்த காலத்தில் இதே கதையோடு வந்தவர்கள் பலர். ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் இழந்த பின்பும் வலி மட்டும் முழுசாக இருந்தவர்களும் அவர்களில் உண்டு. பல் வைத்தியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. "இந்தப் பல்தான், இதைத்தான் எடுக்க வேண்டும்" என்று நோயாளியே விரலை வைத்துக் காட்டுவார். வலி உண்மை, காட்டும் இடம்தான் நம்பத்தக்கது அல்ல. இந்த மாதிரியான நோயில் வலி எங்கே என்பதைவிட எது அதைக் கிளப்புகிறது என்ற கேள்விதான் வழி காட்டும்.

ஏன் அப்படி என்று விளங்க, முகத்தின் நரம்பைப் பார்க்க வேண்டும். மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் ஐந்தாவது, முக்கிளை நரம்பு. பெயருக்கு ஏற்ப அதற்கு மூன்று கிளைகள். முதலாவது நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைப் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. மூன்றாவது கிளை மண்டையோட்டின் அடியிலுள்ள முட்டை வடிவத் துளையொன்றின் வழியாக இறங்கிப் பல கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று கீழ்த்தாடை எலும்பின் உட்புறத் துளைக்குள் நுழைந்து, எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாக முன்னோக்கி ஓடி, கீழ்ப் பற்கள் ஒவ்வொன்றுக்கும் இழை கொடுத்து, முன்கொடுப்புப் பற்களின் வேருக்குக் கீழே இன்னொரு சிறு துளையால் வெளிவந்து, நாடிக்கும் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தருகிறது. கீழ்க் கொடுப்புப் பல் பிடுங்கும்போது விறைப்பு ஊசி போட்டால் உதடும் சேர்ந்து மரத்துப்போவது இதனால்தான். ஊசி பல்லுக்குப் போடப்படுவதில்லை. நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலில் போடப்படுகிறது. வேறொரு கிளை நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடு உணர்ச்சி தருகிறது. இன்னொன்று தாடை மூட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் போகிறது. தாடையில் நோய் இருக்கக் காது குத்துவது அந்தக் கிளையின் வேலை. காது வைத்தியர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

இரணைமடுப் பக்கத்தில் கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை, வாய்க்காலோடு மேலே நடந்துபோய்ப் பார்ப்பார்கள். பல்லும் கடைக்கோடிதான். அதற்கு மேலே இவ்வளவு நீளத்துக்கு நரம்பு ஓடுகிறது. எந்த இடத்தில் குழப்பம் நேர்ந்தாலும், மூளை அதை நுனியில் நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

உங்கள் தாயாருக்கு இருப்பதாக நான் முதலில் சந்தேகிப்பது முக்கிளை நரம்புவலி. அடையாளங்கள் பொருந்துகின்றன. மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு வெட்டு. சில விநாடிகள், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல முகம் அமைதியாகிவிடும். அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் மட்டும் இருக்கும். தண்ணீர் தெளிப்பது, பல் துலக்குவது, மெல்லுவது, காற்றுப் படுவது, பேசுவது போன்ற அற்ப விஷயங்கள் அதைக் கிளப்பும். முகத்தின் ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும், வலது பக்கம் சற்று அதிகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், குறிப்பாகப் பெண்களில், கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் கிளைகளில்தான் மிகுதி என்பதால் பல்வலியோடு குழம்புகிறது. பெரும்பாலானவர்களில் காரணம் தாடையிலேயே இல்லை. நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளிவரும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய் அதன்மேல் அழுத்தித் துடித்துக்கொண்டிருக்கும். நாளடைவில் நரம்பின் உறை தேய்ந்து, தொடு உணர்ச்சியை ஏந்தும் இழையிலிருந்து வலியை ஏந்தும் இழைக்குச் சமிக்ஞை தாவுகிறது. அதனால்தான் தண்ணீர் பட்டதும் கத்தி பட்டதாகத் தெரிகிறது.

பல்வலியின் குணம் வேறு. குளிர், சூடு, இனிப்பு பட்டபின் வலி நின்று இழுக்கும், இரவில் படுத்தால் கூடும், பல்லைத் தட்டினால் ஒரு பல் மட்டும் பதில் சொல்லும், முரசு வீங்கும், வழக்கமான வலிமாத்திரைக்குக் கொஞ்சமாவது அடங்கும். முக்கிளை நரம்புவலி பரசிற்றமோலுக்கு அசைவதில்லை. பாமசியில் "நரம்புக்கு" என்று கேட்டால் எடுத்துத் தரும் விற்றமின் மாத்திரைகளுக்கும் அசைவதில்லை. நரம்புத் தளர்ச்சி என்று ஊரில் சொல்லப்படும் எதனோடும் இதற்குச் சம்பந்தம் கிடையாது. இங்கே நரம்பு தளரவில்லை, அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

தசைகளையும் பார்த்துவிடுவோம். ஏனென்றால் வாய் திறக்காமைக்குக் காரணம் வேறொன்றாக இருக்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தின் பின்பக்கத்தில் வைத்துப் பற்களைக் கடித்துப் பாருங்கள். உருண்டு எழும்புவது கன்னத்தசை. விரல் நுனிகளை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கும் ஒன்று துடிக்கும். அது விசிறிபோல விரிந்த பொட்டுத்தசை. மற்ற இரண்டும் எலும்பின் உட்புறத்தில் ஒளிந்திருப்பவை. மெல்லும் தசைகள் பக்கத்துக்கு நான்கு. அவற்றில் மூன்று வாயை மூடுவதற்கு. திறப்பதற்கு உள்ளே ஒளிந்திருப்பதில் ஒன்றும், நாடிக்குக் கீழேயுள்ள மெலிந்த தசைகளும்தான். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயை அகலத் திறந்தால் எலும்புக் குமிழ் ஒன்று முன்னோக்கி வழுக்குவது தெரியும். அந்த ஒரு தசை அதை இழுக்கிறது. மெல்லும் நான்குக்கும் இயக்க நரம்பு அதே முக்கிளை நரம்பின் மூன்றாவது கிளைதான். ஒரு பக்கத்துத் தசை பலவீனப்பட்டால், வாயைத் திறக்கும்போது தாடை அந்தப் பலவீனமான பக்கத்துக்கே ஒதுங்கும்.

இந்தத் தசைகளை நரம்பு எவ்வளவு கவனமாக நடத்துகிறது என்பதற்கு ஒரு சாட்சி. வீதியோரத்தில் காயப்போட்ட நெல்லைக் குத்திய அரிசியில் எப்போதாவது ஒரு கல் தப்பிவிடும். முழுப் பலத்தோடு இறங்கும் தாடை அந்தக் கல் பட்ட கணத்தில் நின்றுவிடுகிறது. "கல்" என்று நாம் நினைப்பதெல்லாம் பிறகுதான். பல்லின் வேரைச் சுற்றியுள்ள சவ்வில் அழுத்தத்தை அறியும் முனைகள் இருக்கின்றன. மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் ஒரு மயிர் அகப்பட்டாலும் அவை அறியும். அங்கிருந்து செய்தி மூளைத்தண்டுக்குப் போய், மூடும் தசைகளை நிறுத்தும் கட்டளை திரும்பி வர 10 முதல் 15 மில்லிவிநாடிகள் போதும். இன்னொரு விசித்திரமும் உண்டு. உடலில் மற்ற இடங்களில் உணர்ச்சி நரம்பின் கலங்கள் மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியேதான் கூடியிருக்கும். தாடைத் தசையின் இழுவையை உணரும் கலங்களும், இந்தப் பற்சவ்வுக்குரியவற்றில் ஒரு பகுதியும் மூளைத்தண்டுக்குள்ளேயே குடியிருக்கின்றன. (கடியைக் கணக்கிட இவ்வளவு ஏற்பாடு செய்த உடல், வலியின் இடத்தைச் சொல்வதில் இப்படிச் சொதப்புவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.)

தசை வலிக்கும் தனிக் குணம் உண்டு. மந்தமாக, பாரமாக இருக்கும். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குக் காலையில் கூடுதலாக இருக்கும். கன்னத்தசையின் இறுகிய முடிச்சை அழுத்தினால் கீழ்க் கொடுப்புப் பல்லும் காதும் வலிக்கும். பொட்டுத்தசையை அழுத்தினால் மேற்பற்கள் வலிக்கும். அழுத்தும்போது "இதுதான், இதேதான்" என்று அம்மா சொன்னால் தசைப் பக்கம் யோசிக்க வேண்டும். அதற்கு மருந்து மென்மையான உணவு, இளஞ்சூட்டு ஒத்தடம், வாயை அகலப் பிளந்து கொட்டாவி விடாமை.

இனி வாய் திறப்பு. அம்மா தன் விரல்கள் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையில் வைக்கட்டும். மூன்றும் நுழைந்தால் போதும். வளர்ந்தவர்களுக்கு 35 மில்லிமீற்றருக்கு மேல் திறந்தால் பொதுவாகக் குறை இல்லை. இரண்டு விரல்தான் போகிறது என்றால் காரணம் தேட வேண்டும். பல் பிடுங்கிய பிறகுதான் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ்ப் பல்லுக்கான விறைப்பு ஊசி போகும் வழியில் உட்பக்கத் தசையொன்று இருக்கிறது. ஊசி அதில் பட்டு உள்ளே சிறிது இரத்தம் கசிந்தால் தசை இறுகிவிடும். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருந்து, இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரும் மெதுவான பயிற்சியுமாகச் சரியாகும். வலி வருமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமலிருப்பவர்களும் உண்டு. காய்ச்சல், வீக்கம், விழுங்க முடியாமை சேர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அது கிருமித்தொற்று.

வெற்றிலைதான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது. சுரீர் வலிக்கு அது காரணம் அல்ல. ஆனால் வாய் திறப்பு மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது என்றால் பாக்கைச் சந்தேகிக்க வேண்டும். புகையிலைதான் கெடுதி, பாக்கு வெறும் மரக்காய் என்ற நினைப்பு நம்மிடம் பலமாக இருக்கிறது. அது தவறு. பாக்கிலுள்ள அரெகொலின் முதலிய பொருட்கள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. முதலில் மிளகாய்த்தூள் கறி எரியும், பிறகு உட்கன்னம் வெளுத்து மரப்பலகைபோல இறுகும், நாக்கு முன்னால் நீளாது, சீட்டி அடிக்க முடியாது. இறுக்கம் ஏறியபின் அது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அந்த வாயில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே பகல் வெளிச்சத்தில் அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெற்றிலை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்பகுதி, அதை ஒட்டிய முரசு, நாக்கின் பக்கவாட்டு, நாக்குக்குக் கீழே. மூன்று வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, தடித்த ஓரம் எது தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். அடித்தொண்டையிலும் நாக்கின் வேரிலும் உள்ள புண், தொண்டைக்குரிய நரம்பு வழியாகக் காதிலும் வலிக்கும். காதில் குறையில்லை என்ற பதிலோடு அங்கேயும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். நாடியும் கீழுதடும் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கின்றனவா? அடிபடாமல், பல் பிடுங்காமல் அப்படி மரத்தால் எலும்புக்குள் ஓடும் நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று பொருள். அதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

ஷெல் துண்டுக்கு வருகிறேன். உலோகம் நரம்பைக் காயப்படுத்தியிருந்தால் வலி வேறு விதமாக இருக்கும்: விட்டுவிட்டு வெட்டாமல் எந்நேரமும் எரிச்சலாக, காயம்பட்ட காலத்திலிருந்தே, மரத்துப்போன இடத்தோடு சேர்ந்து. பதினைந்து வருடத்துக்கு மேல் சும்மா இருந்த துண்டு திடீரென்று, முகம் கழுவும்போது மட்டும், சில விநாடிகள் நரம்பை அறுத்துவிட்டு ஓய்ந்திருக்கும் என்பது நம்பக் கடினம். சின்னச் சோதனை ஒன்று. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் நாடியின் இரு பக்கத்தையும் மாறிமாறித் தொடுங்கள். (வலி கிளம்பும் புள்ளியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் துண்டின்மேல் சந்தேகம் குறைகிறது. தாடையின் மூலையை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தத் தோலுக்கு உணர்ச்சி கழுத்திலிருந்து ஏறிவரும் நரம்பு தருகிறது.

துண்டு முக்கியமாகும் இடம் வேறு. இந்த நோயைச் சந்தேகிக்கும் வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். அது மிகப் பலமான காந்தம். உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு அதில் அசையவும் சூடேறவும் கூடும். கண்ணருகே இருந்தால் பார்வைக்கே ஆபத்து. வன்னியில் உடம்பில் துண்டு இல்லாத குடும்பம் அரிது, அதனாலேயே அதைச் சொல்ல வேண்டிய விஷயமாக நம்மவர்கள் நினைப்பதில்லை. பதிவு செய்யும்போது ஒருமுறை, இயந்திர அறைக்குள் போகுமுன் ஒருமுறை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கன்னத்தில் மட்டுமல்ல, முதுகிலோ காலிலோ இருந்தாலும் சொல்லுங்கள். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டின் இடத்தைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. ஆகுமா, சி.ரி. ஸ்கானோடு நிறுத்துவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

முகம் கோணுமா? கோணாது. முகத்தின் பாவத்தை, அதாவது சிரிப்பை, உதடு குவிப்பதை, கண் மூடுவதை நடத்துவது ஏழாவது நரம்பு. காதுக்குக் கீழே வெளிவந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளையாக விரிவது. அது வாடினால்தான் முகவாதம். இந்த இரண்டு நரம்புகளின் வேலையும் வேறு என்று ஸ்கொட்லாந்துக்காரரான சார்ல்ஸ் பெல் 1821இல் எழுதும்வரை வைத்தியர்களுக்கே அது தெளிவாக இருக்கவில்லை. முகவலிக்காக ஏழாம் நரம்பை வெட்டியவர்கள் இருந்தார்கள். வலி இருந்த இடத்தில் இருக்க, முகம்தான் கோணியது. அயலவருக்கு ஒரு குறிப்பு: யாருக்காவது திடீரென்று முகம் கோணினால் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றியின் பாதியும் சேர்ந்து செயலிழந்திருந்தால் பெரும்பாலும் முகவாதம்; 72 மணித்தியாலத்துக்குள் ஸ்டீரொயிட் மாத்திரை தொடங்கினால் நல்லது. நெற்றி சுருங்கி, வாய் மட்டும் இழுத்தால் மூளையில் பாரிசவாதம் என்றே எண்ண வேண்டும். வீட்டில் நின்று சோதித்துக்கொண்டிருக்காமல் இரண்டுக்கும் 1990ஐ அழைத்து அம்புலன்ஸில் ஏற்றுங்கள். நடக்கும்போதும் தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் தாடை இறுகி, வியர்த்து, இருந்தால் விடுகிறது என்றாலும் அதே இலக்கம்தான், அது இதயம். காயப்பட்ட சில நாளில் வாய் பூட்டிக்கொண்டால் ஏற்புவலி. அதற்கும் தாமதம் ஆகாது.

தாயாரின் வலிக்கு முதல் மருந்து கார்பமாசெபின். வலிப்புக்குக் கொடுப்பது, அதைக் கண்டு "எனக்கு வலிப்பா?" என்று அம்மா பயப்பட வேண்டாம். சிறிய அளவில் தொடங்கி வைத்தியர் கூட்டிக்கொண்டு போவார். பலருக்கு சில நாட்களிலேயே தெளிவான குறைவு தெரியும், அப்படித் தெரிவதே நோயை உறுதிப்படுத்த உதவும். தலைச்சுற்றும் தூக்கமும் வரலாம்; கிணற்றடியில் கவனம். இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் இடைக்கிடை இரத்தப் பரிசோதனை தேவை. தோலில் தடிப்போ, வாயிலும் கண்ணிலும் புண்ணோ தோன்றினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆசியர்கள் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகையோடு இந்த மருந்து கடுமையான தோல் நோயைத் தரும். மாத்திரை பலிக்காதவர்களுக்கு, மண்டையைத் திறந்து இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது.

முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்ப் பல் பிரிவிலும் மருத்துவ கிளினிக்கிலும் காட்டுங்கள். தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: வலி எத்தனை விநாடி, நாளைக்கு எத்தனை தரம், எது கிளப்புகிறது, இடையில் முற்றாக இல்லாமல் போகிறதா, எந்தப் பற்கள் எப்போது எடுக்கப்பட்டன, துண்டு எங்கே, வெற்றிலை எத்தனை வருடம். மாத்தளன் காலத்து வைத்தியச் சீட்டுகள் கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம். வாயால் சொன்னால் போதும், மிச்சத்தை எக்ஸ்ரே காட்டும்.